பதினோரு விநாடி

ரிங்லெட் முச்சந்தி, பொன்னுரங்கம் கடை.
சுவர் டிவியில் சத்தம் குறைவு.
லண்டனில் நாலு பையன்கள்
துணி துவைக்கும் தகரப் பலகையைச்
சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள்.
ஒருவன் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து,
விளக்குமாற்றுக் கட்டையில் கயிறு கட்டி
தும் தும்மென்று இழுக்கிறான்.

"நம்ம பெட்டியா பாரு" என்றான் ஆரோக்கியம்.
"சிலோன் பெட்டியா இருக்கும்"
ரொட்டி சானாயைப் பிய்த்தபடி குணவதி.

போன வருஷம் அந்தப் படக்காரர்கள்
இங்கேயும் வந்தார்கள், வேர் தேடி.
பழைய பாட்டு ஏதாவது, என்றார்கள்.
அவளுக்கு வந்தது
அன்றைக்கு நிறுவையில் கூவிய கணக்குதான்.
முப்பத்திரண்டு, ஈரம் ஒண்ணு கழி,
இருபத்தேழு, ஈரம் ஒண்ணு கழி,
கூடை கூடையாய்ச் சொன்னாள்.
பூட்ஸ் கால் தானாகத் தரையைத் தட்டியது.

இதோ, திரையில் அவள்.
பதினோரு விநாடி.
கீழே மலாயில் எழுத்து ஓடுகிறது:
அறுவடைப் பாடல்.

கடையே சிரித்தது.
அவள் சிரிக்கவில்லை.
"இருபத்தேழு இல்ல, இருபத்தொம்பது.
அன்னிக்கும் கிராணி
ரெண்டு கிலோ முழுங்கிட்டான்."

யாரோ பந்தாட்டத்துக்கு மாற்றினார்கள்.
பொன்னுரங்கம் காலி பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து
அடியில் ஒருதரம் தட்டிப் பார்த்தான்.