இடைவேளை, அம்பகாமம்

ஐம்பது நிமிடம் தரை,
பத்து நிமிடம் நிழல்.
எங்கள் பகலை அப்படித்தான் வெட்டி வைத்திருக்கிறார்கள்.
முகக்கவசத்தைக் கழற்றினால்
மோவாயிலிருந்து ஒரு கோடு வியர்வை
சட்டைக்குள் இறங்கும், அதற்கும் அவசரம்.

பாலை மரத்தடியில் ஜெனற்றாதான் தொடங்கினாள்:
அமெரிக்காவில் பெரிய சிலை வாங்கின படங்களில்
ஆகத் திறமான பத்து எது?
அவளுடைய தமையனுக்குப் பரந்தனில் போன் கடை.
உலகத்துப் பரிசெல்லாம் அந்தக் கடைவழி
யாரோ சென்னைக் குரலில் தமிழ் பேசிக்கொண்டு
எங்கள் கைபேசிகளுக்குள் வந்து சேர்ந்திருந்தன.

பிஸ்கட் பெட்டியைக் கிழித்து விரித்து
உட்பக்கத்தில் ஒன்று முதல் பத்துவரை எழுதினேன்.
தினசரி அறிக்கை எழுதுகிற அதே பேனை.
இன்று துப்புரவான சதுர மீற்றர் இத்தனை,
கிடைத்தவை இத்தனை, திறமானவை இத்தனை.

ராணியின் படம் எட்டாம் இடம்.
"உடுப்புக்கு மட்டும்" என்றாள் யசோதினி.
பனிக்குள் நாயைத் தேடிப் போகிற கிழவன்
மூன்றா நாலா என்று தொடங்கிய சண்டையில்
அவளும் ஜெனற்றாவும் ஒரே போத்தலில்
தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள்.
நீதிமன்றப் படம் வெறும் நித்திரை என்றார்கள் எல்லாரும்.
நான் பிடிவாதமாய் ஐந்தில் போட்டேன்.
அதில் ஒரு பெண் சாட்சி சொல்கிறாள்;
ஒருவரும் இடைமறிக்கவில்லை,
ஒருவரும் வேறு திகதி கொடுக்கவில்லை.
ஏழு நிமிடம்.
மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு அந்த யுத்தப் படம்.
ஆறு சிலை. ஒலிக்கென்று தனியாக ஒன்று.
காலை வைக்கிறான் சிப்பாய்; கீழே 'டிக்'.
அப்படியே உறைகிறான்.
தாயைப் பற்றிச் சொல்கிறான், ஊர்ப் பாலத்தைப் பற்றிச் சொல்கிறான்,
கூட்டாளி கத்தியால் மண்ணைக் கிளறுகிறான்,
இருபது நிமிடம்.

சிரித்தோம். குணநேசன் அண்ணைக்குப் புரைக்கேறியது.
"மிதிவெடி டிக் எண்டு சொல்லிப்போட்டு வெடிக்குமோ, விசரங்கள்!"
மிதி. வெடி.
நடுவில் ஓர் ஒற்றுக்கூட மிகாத சொல்.

தவமலர் சிரிக்கவில்லை.
காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து
முழங்காலுக்குக் கீழே
தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தாள்.
"அதை ஒண்டாம் இடத்தில போடு."

"பொய்யடி அது."

"பொய்தான். போடு.
நான் மாட்டைத் திருப்பப் போனன்.
அதுக்குப் பிறகு ஆசுப்பத்திரி முகடு.
நடுவில ஒண்டுமில்லை.
அவனுக்கு இருபது நிமிசம் குடுத்திருக்கினம்,
ரண்டு காலும் இருக்கெண்டு தெரிஞ்சுகொண்டு
ரண்டு காலிலயும் நிக்கிறதுக்கு.
படம் எண்டு ஒண்டு எடுத்தா
அதுக்குத்தானே எடுக்கவேணும்?"

மரத்தில் ஏதோ ஒரு குருவி,
அதற்கு இந்த வழக்கில் அக்கறையில்லை.
விசில் ஊதிவிட்டது.
ஒன்று என்ற எண்ணுக்கு நேரே எழுதினேன்.
பேனை அட்டையில் சறுக்கியது; இரண்டு தரம் எழுதினேன்.
அவள் காலை மாட்டி, பட்டியை இறுக்கி,
எனக்கு முன்னால் எழுந்து போனாள்.

ஒரு மீற்றர் அகலம் என் பாதை.
இரு பக்கமும் சிவப்புத் தலைத் தடிகள்.
முழங்காலில் நின்று கருவியை ஆட்டினேன்; கத்தியது.
தள்ளித் தொடங்கி, சரித்து,
மண்ணைத் தேக்கரண்டியளவு தேக்கரண்டியளவாய் வாங்கி,
கடைசித் தூசியைத் தூரிகையால் விலக்கினால்
சோடாப் போத்தல் மூடி.
துருப்பிடித்து, பல்லெல்லாம் மடிந்து.

இருபது நிமிடம் எடுத்திருந்தது.
என் பாலத்தைப் பற்றியும் நினைத்திருக்கிறேன் போல,
குளத்துக் கட்டைப் பற்றியும்,
கட்டவேண்டிய சீட்டுக் காசைப் பற்றியும்.

அட்டை இன்னும் தண்ணீர்க் கானுக்குக் கீழே இருக்கிறது.
ஓரத்தைக் கறையான் தொட்டுவிட்டது.
மூன்றாம் இடத்துக்கு யசோதினி
இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.