வெள்ளெழுத்து

நாற்பத்து நாலு வயதில்
முன்குறி மங்கத் தொடங்கியது.
தூரத்து அட்டை தெளிவாகத்தான் இருக்கிறது.
நடுவில் நிற்கவேண்டிய இரும்பு வளையம் மட்டும்
பாலில் விழுந்த மோதிரம்.

கணபதியில் பம்பு கம்பெனி. கேஜ் பிடிக்கிற வேலை எனக்கு.
ஒரு முனை போகவேண்டும், மறுமுனை போகக்கூடாது.
பதினெட்டு வருடமாக
எந்தத் தண்டும் என்னிடம் பொய் சொன்னதில்லை.
ஞாயிறுகளில் பாயில் குப்புறப் படுத்து
ஐம்பது மீட்டர், பாயிண்ட் டூ டூ, அறுபது தோட்டா.
போன மாதம் அதில் ஏழு, எட்டில் விழுந்தது.
"காத்துங்க" என்றேன்.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
ஆடி மாதத்தில் எந்தப் பழியையும் சுமக்கும்.
பக்கத்துப் பாய் வேலாத்தாள் மட்டும்
"கொடி தொங்கிட்டுத்தானுங்கக்கா இருந்துச்சு" என்றாள்.

பொங்கியண்ணன் கடை மேசையில் இரண்டு இருந்தன.

ஒன்று, முழங்கை நீளக் குழல்.
"நாலுல இருந்து பன்னெண்டு மடங்குங்க.
ஈ ஒக்காந்தா காலை எண்ணிப்போடலாம்."
இன்னொன்று, யாரோ விற்றுப்போன பின்குறி:
கறுத்த வில்லை, நடுவில் துளை.
"கண்ணுக்கு வயசாச்சுன்னா அது எதுக்குங்க" என்றார்.

குழல் வைத்தால்
படுத்துச் சுடும் போட்டியில் எனக்கு இடமில்லை.
மேசைக்காரர்களோடு போய் உட்காரவேண்டும்,
மணல்மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து.
நூறு கஜத்துக்குக் கட்டிய குழல் வேறு;
ஐம்பதில் தலை அசைந்தால்
குறுக்குக்கோடும் இடம் மாறும்.
"முன்வாய் வளையத்தைத் திருப்புங்க, சரியாயிரும்.
வெளிய பாருங்க, நல்ல வெளிச்சம்."

பார்த்தேன்.
மின்கம்பியில் ஒரு புறா, கழுத்தில் அதன் மூச்சு.
கூடவே கோடும் துள்ளியது.
என் நாடிதான்.
இரும்புக்குறி இத்தனை நாள்
இதை எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தது.

எதிர்ச்சாரியில் பீகோ, ஓவர்லாக் கடை.
உள்ளே ஒருத்தி, என் வயதிருக்கும், ஊசியில் நூல் கோக்கிறாள்.
நாக்கில் நனைத்தாள். கையை நீட்டினாள்.
தப்பியது.
இன்னும் நீட்டினாள். தப்பியது.
கண்ணைச் சுருக்கி, ஊசிக்குப் பின்னால்
ஒரு வெள்ளைத்துணித் துண்டைப் பிடித்தாள்.
நுழைந்தது நூல்.

அப்போதுதான் கவனித்தேன்,
நான் மூச்சைப் பாதியில் நிறுத்தியிருந்தேன்.
ஆள்காட்டி விரல் காற்றில்
எதையோ தொட்டுக்கொண்டு நின்றது.

அவள் நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தாள்.
இரண்டு கோடும் சந்திக்கிற இடத்தில் அவள் பொட்டு.

துப்பாக்கி வீட்டில், பெட்டிக்குள், பூட்டில் கிடக்கிறது.
சாவி என் பையில்.
தோட்டாக்கள் வேறு அலமாரியில்.
இத்தனையும் எனக்குத் தெரியும்,
அவளுக்குத் தெரியாது.
அவள் கையை நெற்றிக்கு உயர்த்தினாள்,
வெயிலை மறைக்கவா, வேறெதற்காகவா.

"புடிச்சுதுங்களா?"

குழலை மேசையில் வைத்தேன்,
கண்ணாடிப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி.
மற்றதன் துளை எவ்வளவு என்று கேட்டேன்.
அவருக்குத் தெரியவில்லை.
பையிலிருந்த பின் கேஜை விட்டுப் பார்த்தேன்.
பூஜ்யம் எட்டு போனது.
பூஜ்யம் ஒன்பது போகவில்லை.
சின்னத் துளை. கண்ணைச் சுருக்குவதுபோல.
காசு கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது
எதிர்ச்சாரியைப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

ஞாயிறு.
உலகம் கொஞ்சம் இருட்டாகத்தான் இருந்தது.
ஆனால் வளையம் பாலிலிருந்து எழுந்து வந்தது,
நடுவில் கறுப்பு,
கறுப்பைச் சுற்றி
நூலளவு வெள்ளை.

அறுபதில் எட்டில் விழுந்தவை மூன்று.
கொடியைப் பார்த்தேன்.
தொங்கிக்கொண்டிருந்தது.
வேலாத்தாள் என்னைப் பார்த்தாள்.
"நான்தான்" என்றேன்.