மீசையில் மண்

பிர்னோ நகரில், ஏழாவது மாடியில்,
அறுபது லிட்டர் தண்ணீரை விட்டுவிட்டு
ஓட்டகர் போனான்.
"அடியில் ஒரு கெளுத்தி இருக்கிறது, கோரி.
மற்றவை சிந்துவதைத் தின்றுகொள்ளும்,
தரையும் சுத்தமாகும்" என்றான்
ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே.

அடியைத் துடைப்பவர்
மிச்சத்தில் வாழ்வார் என்று நினைப்பவர்கள்
எங்கள் டெப்போவிலும் உண்டு.
நான் இரவில் டிராம்களின் தரை கழுவுகிறேன்.
சாப்பாடு வீட்டிலிருந்து கொண்டுபோகிறேன்.

மூன்று வாரம் கழித்துத்தான் அதன் முகம் பார்த்தேன்.
மிளகு தூவிய முதுகு,
மீசை இருக்கவேண்டிய இடத்தில்
வெளிறிய இரண்டு முனைகள்.
தலைக்கு மேலே நியான்கள் போவதும் வருவதுமாக இருக்க
ஃபில்டரின் பின்னால் கிடந்தது.

க்லெமென்டோவாவின் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்புறம்.
"துணைக்கு ஒன்று வேண்டும்."
"ஒன்று தரமாட்டேன்."
"இரண்டு?"
அவள் என் தொட்டியின் தரையைப் பற்றிக் கேட்டாள்.
உடைத்த கல், நீலச் சாயம் பூசியது,
ஓட்டகர் தேர்ந்தெடுத்தது.
"அதுதான் மீசையை அறுத்திருக்கிறது.
அள்ளிப் போடு. மணல் பரப்பு. பிறகு வா,
ஐந்து தருகிறேன்."

குளியல் தொட்டியில் பதினோரு முறை மணல் கழுவினேன்.
பன்னிரண்டாவது முறையும் கலங்கல்.
சாக்கடை அடைத்ததென்று சண்டைக்கு வந்த
கீழ்வீட்டு ஹெர்மீனா
என்ன ஏது என்று கேட்டு,
திட்டிக்கொண்டே வாளியின் மறுபக்கம் பிடித்தாள்.

ஐந்தும் வந்தன.
கிழம் இரண்டு நாள் நகரவில்லை.
மூன்றாம் நாள் ஆறு வால்கள் மட்டும் தெரிந்தன,
ஆறு முகங்கள் மணலுக்குள்.

கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்கள்.
இவற்றுக்கு அந்தத் தகராறே இல்லை,
மீசையை விட்டுத் துழாவினால்தான் கூழ்.
கண்வரை புதைந்து,
செவுள் வழியே மணலை ஊதித் தள்ளி,
திடீரென ஒன்று மேலே பாய்ந்து
ஒரு வாய் காற்றை விழுங்கித் திரும்பும்.
முதல் தடவை மூச்சு முட்டுகிறதென்று பதறி
ஜன்னலைத் திறந்துவிட்டேன்.
ஒன்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தது.

ஓஸ்ட்ராவாவிலிருந்து ஓட்டகர் போன் செய்தான்.
வேலை அமோகமாம்,
அறை பெரிதாம், பால்கனியும் உண்டாம்.
பின்னால் ஒரு பெண்குரல்
"பதினான்காம் கட்டில், போர்வையைத் திருப்பிக் கொடு" என்றது.
விழுந்தாலும் அவன் மீசையில் மண் ஒட்டாது,
கல்யாணமான நாளிலிருந்தே தெரியும்.
"மீன்?" என்றான்.
"ஆறு" என்றேன்.
வெகுநேரம் பேசவில்லை, நாணயம் தீரும்வரை.

ஜூனில் ஒரு மாலை வானம் கறுத்து
காதுக்குள் அழுத்தம் குறைந்தது.
அவசரத்தில் கால்வாசித் தண்ணீரை மாற்றினேன்,
குழாயிலிருந்து நேராக, சில்லென்று.
இரவு முழுக்க இடி.
விடியலில் வேலையிலிருந்து வந்தால்
கண்ணாடியெங்கும் ஜவ்வரிசி.

நியான்கள் வரிசையாகக் கொத்திக்கொண்டிருந்தன.
பெற்றவையும்தான், சொல்ல வெட்கமாயிருக்கிறது.
டெப்போ அடையாள அட்டையால் சுரண்டி
ஹெர்மீனாவின் ஊறுகாய் ஜாடியில் இட்டேன்.
நாற்பதுக்கு மேல். பாதி பஞ்சுபூத்தது.
ஐந்தாம் நாள் ஒன்பது துடித்தன.
இன்று மூன்று.
நகக்கீற்று அளவுதான், ஆனால்
அதற்குள் ஜாடியின் அடியைக் கிளறத் தொடங்கிவிட்டன.

காலை நாலரை.
நனைந்த பூட்ஸோடு தரையில் படுத்து
கண்ணாடியில் கன்னம் வைத்தேன்.
கிழம் வந்தது.
அந்த வெளிறிய முனைகள் நீண்டிருக்கின்றன,
ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக.
அதில் ஒரு மணல் ஒட்டியிருந்தது. அது உதறவில்லை.

ஏழு மணிவரை காத்திருந்து
அவன் கூப்பிட்ட அந்த எண்ணை அழுத்தினேன்.
"யார் வேண்டும்?" என்றது அதே பெண்குரல்.
பெயர் சொல்லவில்லை.
பதினான்காம் கட்டில் என்றேன்.