விடுபட்ட பாத்தி

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்
விடிய ஐந்தே முக்காலுக்கு அழைப்பு:
"தங்கச்சி, மூண்டாம் கட்டில
கடைசிப் பாத்தி இல்ல.
ஆன வந்திட்டு."

பதினாறு பாத்தி, ஒவ்வொன்றும் மும்மூன்று மீற்றர்.
ஜிப்சம், உமிச்சாம்பல், மாட்டெரு,
ஒன்றுமே போடாதது ஒன்று.
நான்கு கட்டிலும் சீட்டுக் குலுக்கி
எதற்கு எது என்று விட்டிருந்தேன்.
தம்பலகாமக் குடாவின் உப்பு
மெல்ல ஏறி நெல்லின் நுனியைக் கருக்கும் விளிம்பு அது.
எது தாங்கும்?
எனக்கு அது பட்டத்துக்கான கேள்வி.
சிந்தாத்துரை அண்ணருக்கு
அடுத்த போகத்துக்குக் கடன் எடுப்பதா விடுவதா.

ஸ்கூட்டி கப்பல்துறை தாண்டும்போது
கந்தளாய்ப் பக்கமிருந்து ரயில்,
பனிக்குள் வெறும் விளக்காக.

வரம்பில் நின்று பார்த்தேன்.
ஒன்றுமே போடாததைத்தான் தெரிந்தெடுத்து
உழக்கியிருந்தது.
பால் பிடித்த கதிரெல்லாம் சேற்றுக்குள்.
பக்கத்து மாட்டெருப் பாத்தியில்
ஓர் இலை மடியவில்லை.
அதுவும் எங்கோ காட்டுக்குள் நின்று
சீட்டுக் குலுக்கியிருக்க வேண்டும்.

"அந்தப் பெட்டிக்க என்னத்த எழுதுவீங்க?"
என் வயற்புத்தகத்தைக் காட்டிக் கேட்டார்.
"கணக்கு இருக்கு அண்ணை.
மற்றதுகளை வச்சு ஊகிக்கலாம்."
"அப்ப வேலியோரம் என்ட நாப்பது பேர்ச்சையும்
ஊகிச்சுத் தாங்களன்."
சிரித்தார். சேதப் படிவம்
சட்டைப் பையில் நாலாய் மடிந்து கிடந்தது.
இல்லாமல் போனதற்கு இலக்கம் கேட்கும் படிவங்கள்
இந்த ஊருக்குப் புதிதில்லை.
அவர் மேலே சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

மாசியில் அறுத்தோம்.
ஆய்வுகூடத்தில் மின்சாரம் போய்ப் போய் வர
நஸ்மியா ஈரப்பதம் பார்த்து
எடைகளை உரக்க வாசித்தாள்.
ஒன்றும் போடாத மற்ற மூன்றும் சேர்த்து
ஐந்து புள்ளி நான்கு.
அதே கட்டில் மிஞ்சிய மூன்றும்
எட்டுப் புள்ளி ஒன்று.
பதினைந்தும் சேர முப்பத்தாறு.
முதல் இரண்டையும் நாலால் பெருக்கி, கூட்டி,
முப்பத்தாறைக் கழித்து, ஒன்பதால் பிரித்தேன்.

இரண்டு கிலோ.
சரியாக இரண்டு, புள்ளிக்குப் பின் ஒன்றுமில்லை.
அவ்வளவு துப்புரவாக வந்ததால்
பயந்து மறுபடியும் செய்தேன்.
அதே இரண்டு.
அறுக்காத, அடிக்காத,
ஒரு குருவியும் கொத்தாத இரண்டு கிலோ நெல்
என் அட்டவணைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.
வழுவின் சுயாதீனப் படிகள் ஒன்பதில்
ஒன்றைக் கழித்துவிடு என்கிறது பாடப்புத்தகம்.
ஊகித்ததற்கு அபராதம்.
அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

பங்குனியில் முளைக்கம்புகளைப் பிடுங்கப் போனேன்.
ஒரு காலடிக் குழி, வாளி வாயளவு,
தை மழை தேங்கி நின்று இறங்கிய தடம்.
அதன் விளிம்பில் மறுதாம்பு,
ஏழெட்டுத் தூர், நல்ல பச்சை.
சும்மாதான் மண் அள்ளிக் கரைத்தேன்.
வெளியே ஆறு காட்டிய மீற்றர்
உள்ளே இரண்டரை காட்டியது.

கலாநிதி பாரூக்கிற்குப் படத்தோடு அனுப்பினேன்.
"சுவாரசியம்," என்று பதில்.
கொஞ்சம் கழித்து:
"பிரதிகள் எத்தனை?"

ஒரு யானை, சேர்.
நாலு கால்.
திரும்ப வரச் சொல்லி
யாரிடம் கடிதம் கொடுப்பது?

ஆய்வேட்டில் அதற்கு இடமில்லை.
வயற்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்
பென்சிலால் குறித்தேன்:
திகதி, ஆழம், இரண்டு புள்ளி ஐந்து.
அண்ணர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.
"இதுவும் ஊகமோ?"
"இல்லை அண்ணை. இது அளந்தது."

"அப்ப பேனையால எழுதுங்களன்."