தப்பான வேகம்

ஔலு துறைமுகத்துக்குப் பின்னால்
ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தை.
ஒற்றைப் பனிச்சறுக்குக் காலணிகளுக்கும்
மூடி தொலைந்த காப்பிக் குடுவைகளுக்கும் நடுவில்
வாழைப்பழப் பெட்டிக்குள் கிடந்தது.
உறையில் பெயரில்லை. நடுவட்டம் வெறும் வெள்ளை.
பாட்டு தீர்ந்த பிறகும் ஊசி சும்மா சுற்றுமே
அந்தக் கடைசி வளையத்தில்
ஆணியால் கீறினாற்போல்:
ஆர்.எச். கெமி 94.
இரண்டு யூரோ என்றான்.
ஒன்றரைக்கு முடிந்தது.

தபால் பிரிக்கும் நிலையத்தில் எனக்கு இரவு வேலை.
மழையில் மை கரைந்த பொட்டலங்களுக்கு
ஆள் தேடிக் கொடுப்பது என் மேசை.
அந்தப் பழக்கம்தான், வேறொன்றுமில்லை என்று
வீட்டில் சொல்லி வைத்தேன்.

ஏ பக்கம் சுமார்.
பி பக்கத்தில்
டிரம் மெஷின் தன்பாட்டுக்குக் குத்திக்கொண்டு போகும்,
அதன்மேல் ஈரத்துணி விரித்ததுபோல் ஒரு பேஸ்.
நான்காவது நிமிடம் எல்லாம் அடங்கி
ஹை-ஹாட் மட்டும் மணல் சலிக்கையில்
ஒரு பறவை கத்தும்.
ஒரே ஒரு முறை.

ஆலா என்றேன் நான்.
உள்ளான் என்றான் யொர்மா.
அவனுக்குப் பறவையும் தெரியாது
என்னோடு ஒத்துப்போகவும் தெரியாது.
ஆறு வருஷமாக இந்தச் சண்டை.

பழைய தொலைபேசிப் புத்தகத்தில்
கெமி ஊரில் அந்த எழுத்துகளுக்குப் பதினொரு பேர்.
ஒருவர் போன வருஷம் போய்விட்டார்.
அப்பா அக்கார்டியனைத் தவிர எதையும் தொட்டதில்லை என்று
மகள் அழத் தொடங்கினாள்,
நான் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டேன்.
ஒருவர் பாதிரியார்.
ஒருவர் என்னைப் போலீஸ் என்று நினைத்தார்.
எட்டாவது எண்,
ரைலி ஹன்ஹிசுவன்டோ, பல்செட் செய்கிறவர்.
"ஆமாம்" என்றார்.
அதன்பின் கொஞ்ச நேரம்
அவருடைய அரவை இயந்திரம் மட்டும் பேசியது.

முன்னூறு அடித்தார்களாம். நாற்பது போயிற்றாம்.
மிச்சமெல்லாம் கண்ணாடிக் குடிலில்
தக்காளித் தொட்டிகளுக்கு அடியில் தட்டாக இருக்கின்றன.
"நடுவில் ஓட்டை இருப்பதுதான் ஒரே குறை."

தொலைபேசியை ஸ்பீக்கரோடு ஒட்டி
ஊசியை வைத்தேன்.
"யாருடையது இது?"
உங்களுடையதுதான்.
"இவ்வளவு அவசரமாக நான் எதையும் செய்ததில்லையே.
எந்த வேகத்தில் போடுகிறாய்?"
நாற்பத்தைந்து.
சிரித்த சிரிப்பில் மேசைமேல் ஏதோ உருண்டு விழுந்தது,
யாருடைய கடைவாயோ.
"முப்பத்து மூன்றில் போடு."

சுவிட்சைத் தள்ளினேன்.
ஆறு வருஷம் என் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது
நடந்து வந்தது.
பேஸ் தரைக்கு இறங்கி
பக்கத்து அறையில் அலமாரியை நகர்த்தியது.
நான்காவது நிமிடத்தில் பறவை இல்லை.
ஐந்து தாண்டியும் இல்லை.
ஹை-ஹாட் ஒவ்வொரு மணலாக எண்ணிப் போட்டுக்கொண்டிருக்க
ஃபில்டரில் பாதி முழுகிய ஆண்குரல்
"பொறு"
என்றது.

"பென்ட்டி" என்றார் ரைலி.
"மெஷின் அவனுடையது. டேப் ஓடுவது தெரியாமல்
வெளியே ஹார்ன் அடித்தவனுக்குச் சொன்னான்.
அந்த மார்ச்சில் மெஷினை விற்றுப்
பனி டயர் வாங்கினான்.
நல்ல டயர்கள்தான்."

மேற்கொண்டு சொல்லவில்லை.
முகவரி கிடைத்த பொட்டலத்தைப்
பிரித்துப் பார்ப்பது என் வேலையில்லை.

வளையம் டொக், டொக் என்று சுற்றிக்கொண்டிருந்தது.
"அந்த அவசரக்காரியை
இன்னொரு தடவை போடு,
நான் கேட்டதே இல்லையே அவளை."
மறுபடி நாற்பத்தைந்து.
இரண்டு முனையிலும் யாரும் மூச்சுவிடவில்லை.
நான்காவது நிமிடம்
மணல், மணல்,
கத்தியது.

"உள்ளான்" என்றார் ரைலி.

யொர்மாவிடம் இதை நான் சொல்லப்போவதில்லை.