துப்பத் தெரியாதவன்

ஏழு இருபதுக்கு
வூப்பர் ஆற்றின் மேல் தொங்கிக்கொண்டு போகும் ரயில்
எங்கள் சமையலறைக் கண்ணாடியைக் கொஞ்சம் நடுக்கிவிட்டுப் போனதும்
கிழங்குக்கு விளங்கிவிடும்.
மேசைக்கு அடியில் போய்
தன் நீளத்தையெல்லாம் சுருட்டி
இல்லாத நாயாகப் படுத்துக்கொள்வான்.

கிழங்கு அவன் பெயர்.
மண்ணிறம், குட்டைக்கால், மரவள்ளி வடிவம்.
கீழ்வீட்டு ஹாகெடோர்ன் அம்மாவுக்கு அவன் 'கிலாங்கு'.
ழகரத்துக்கு மடங்காத அந்த நாக்குக்கும்
வாலை ஆட்டிக்கொண்டுதான் போவான்.

மிருக வைத்தியர் உதட்டைத் தூக்கிக் காட்டினார்.
மேல்வரிசையில், கடைவாய்க்குக் கிட்ட,
பழைய கேத்தலின் அடியில் படியும் சுண்ணாம்பு போல
மஞ்சள் கல்.
"இதைச் சுரண்ட மயக்கமருந்து வேணும்.
இனிப் படியாமலிருக்க உங்கள் விரல் வேணும்."
பற்றுச்சீட்டில் விரலுக்கு விலை போடவில்லை.

அன்றிரவு என் பற்பசையைத்தான் எடுத்தேன்.
ஒரே வீடு, ஒரே போர்வை,
பசையில் மட்டும் என்ன பேதம் என்று.
மூடியைத் திருகிய பிறகுதான்
மூக்குக்கண்ணாடி ஞாபகம் வந்தது.

எறும்பு எழுத்தில், ஏழாவது சொல்:
ஸைலிட்.
பிர்ச் மரத்துச் சர்க்கரை.
நானே தேடித்தேடி வாங்கும் இனிப்பு.
பதினொரு வருடச் சலரோகக்காரன்;
தேத்தண்ணி, சூயிங்கம், பிறந்தநாள் கேக்,
எல்லாம் இதன் தயவில்தான் எனக்கு இனிக்கின்றன.

அது நாயின் வயிற்றில் விழுந்தால்
கணையம் ஏமாந்துபோய்
மதகு திறந்தது போல இன்சுலினை விட்டுவிடுமாம்.
இரத்தத்தில் சர்க்கரை விழும், கால் தள்ளாடும்,
பேந்து ஈரலும் போகலாம்.
வைத்தியரின் உதவியாளர் நதீன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல
சுவரைப் பிடித்துக்கொண்டேன்.
நான் ஊசியில் அளந்து அளந்து ஏற்றுவது
அவனுக்குள் அளவில்லாமல் பாயும்.
பற்பசை அலுமாரியின் மேல்தட்டுக்குப் போனது.
சூயிங்கம் டப்பாவும்,
கோட்டுப் பையின் மூலையில் கிடந்த இரண்டு உருண்டைகளும்.

"உப்பு, சோடாத்தூள் என்று
வீட்டு வைத்தியமும் வேண்டாம்.
மனிதருக்குச் செய்தது எதுவுமே வேண்டாம்.
நாய்க்குத் துப்பத் தெரியாது.
வாயில் வைத்ததெல்லாம் உள்ளேதான் போகும்."

துப்பத் தெரியாது.
அந்தச் சொல்லோடு கொஞ்சநேரம் நின்றேன்.
தொழிற்சாலையில் மேற்பார்வையாளன் சொன்னது,
சுகந்தமலர் சாவியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னது...
சரி, அது வேறு பல்.

நாய்ப் பற்பசை, கோழி ருசி, ஒன்பது யூரோ.
முதல்நாள் நக்க மட்டும் கொடுத்தேன்.
அடுத்தநாள் விரலில் துணி சுற்றி
உதட்டுக்குள் ஒருக்கா எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.
ஐந்தாம் நாள் ரப்பர் தொப்பி போட்ட விரல்
பல்லும் முரசும் சந்திக்கும் கோட்டில்
சின்னச் சின்ன வட்டம் போட்டது,
வெளிப்புறம் மட்டும்.
உட்புறத்தை அவன் நாக்கு பார்த்துக்கொள்ளுமாம், ஓரளவுக்கு.
ஆலும் வேலும் காணாத பல்லுக்கு
கோழியும் ரப்பரும் உறுதி.

வெள்ளிக்கிழமை விரதம்.
சாம்பிராணிப் புகையையும் தாண்டி
சுட்டுவிரலில் கோழி மணம்.
முருகா, இது நான் தின்றதல்ல.

நேற்று
பொறுமை கெட்டு வாயை மூடிவிட்டான்.
நாற்பத்திரண்டு பற்களுக்கு நடுவே என் விரல்.
அவனும் அசையவில்லை, நானும் அசையவில்லை.
ரயில் போனது.
கேத்தல் மூடி கிணுங்கி ஓய்ந்தது.
பிறகு அவன்தான் முதலில்
கொட்டாவி விட்டான்.