மைலோ டின்

அதே ஜெல். அதே குளிர்.
வயிற்றில் தடவியபோது
திரையில் ஒரு துடிப்பைக் காட்டிச் சிரித்தவள்தான்
இன்று இடது தொடையில் கருவியை அழுத்துகிறாள்,
சிரிக்காமல்.

அமுக்கினால் ரத்தக்குழாய் வாய் மூட வேண்டுமாம்.
மற்ற இடங்களில் மூடியது.
கவட்டுக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும்
கறுப்பாய், உருண்டையாய்,
தூங்க மறுக்கும் கண் மாதிரி
அப்படியே நின்றது.

பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள்.
அதுவரை அது வெறும் வீக்கம்.
பெத்த கால் வீங்கத்தான் செய்யும் என்றாள்
எதிர்வீட்டுச் சந்திரமதி.
லிஃப்ட் கெட்ட நாளில் பதினோரு மாடி ஏறியதால் என்றார்
குணாளன்.
பாயா தெருபோங் முழுக்க விசாரித்து
உருவிவிட மாக்சிக் ரோக்கியாவைக்
கூட்டியும் வந்துவிட்டார்கள்.
அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

கெண்டைச் சதையில் கை வைத்தாள்.
எடுத்துவிட்டாள்.
மறுபடி புறங்கையை வைத்துப் பார்த்தாள்.
"பானாஸ். இது என் கைக்கு அடங்காது.
ஜிஎச் போ, இப்பவே."
அடுப்பை அவளே அணைத்தாள்.
காசு வாங்கவில்லை.

அந்தக் கை அன்று உருவியிருந்தால் என்று
வார்டில் டாக்டர் தொடங்கி
முடிக்காமல் விட்ட வாக்கியம்
கால் வழியே ஏறி
என் நெஞ்சு வரை வந்து திரும்பியது.

அதே டாக்டர் ஃபாரிடா, குரலைத் தாழ்த்தி,
எல்லாரிடமும் கேட்பதுதான் என்று சொல்லிக் கேட்டார்:
இந்த ஊசிமருந்து பன்றிக் குடலிலிருந்து வருகிறது,
சம்மதமா?
முட்டைகூடத் தொடாதவள் நான்.
கையெழுத்துப் போட்டேன்.
ஓரெழுத்துத்தான் வித்தியாசம்,
பன்றிக்கும் நன்றிக்கும்.

மிஸ்ஸி ஹஸ்னா சொல்லிக்கொடுத்தது:
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளிக் கிள்ளிப் பிடி.
நேராகக் குத்து. பத்து எண்ணு.
எடுத்தபின் தேய்க்காதே.
கடைசிதான் கஷ்டம்.
வலித்த இடத்தைத் தேய்க்காமல்
வேறு எதற்கு இருக்கிறது கை?

காலை ஏழு, இரவு ஏழு.
பாயான் லெப்பாஸில் மைக்ரோஸ்கோப்புக்கடியில்
தலைமுடியைவிட மெல்லிய கம்பியைப்
பற்றவைக்கிற குணாளன்,
கை நடுங்காத குணாளன்,
ஊசியின் மூடியைக் கழற்றினால் பால்கனிக்குப் போய்விடுவார்.
அங்கிருந்து எண்ணுவார், ஆயர் ஈத்தாம் மலையைப் பார்த்தபடி.
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்
எப்போதும் ஒருமுறை தடுமாறுவார்.

வயிறு, குடிவந்தவள் காலிசெய்த வீடு.
சுவரெல்லாம் ஆணி அடித்த தடம்.
ஊதா, பச்சை, பிறகு மஞ்சள்.
அவள் பால் குடிக்கும்போது ஒரு காலால்
மிகச் சரியாக அதையே உதைக்கிறாள்.

மருந்து எப்போது கட்டியைக் கரைக்கும் என்றேன்.
மருந்தகத்து மிஸ் ஊய் கண்ணாடியை இறக்கினாள்:
"கரைக்காது. வளரவிடாது, அவ்வளவுதான்.
கரைப்பது உங்கள் உடம்பு,
அது தன் நேரத்தில்."

அதற்குப் பிறகு
இரவு இரண்டு மணிக்கு நாப்கின் மாற்றும்போதும்
எனக்குள் யாரோ விழித்திருந்து
வேலை பார்ப்பதுபோல் இருக்கிறது.
சம்பளம் கேட்காமல்.
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

தையல் நாடாவில்
இடது கெண்டை வலதைவிட மூன்று சென்டிமீட்டர் பெருத்திருந்தது.
இப்போது ஒன்றரை.
இறுக்கமான காலுறையை மாட்டுவதற்குள்
விடிந்துவிடுகிறது.

தீர்ந்த ஊசிகளை மைலோ டின்னில் போடுகிறேன்.
நேற்று டின்னை நகர்த்தியபோது கலகலத்தது.
பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.
இன்னும் பெயர் வைக்கவில்லை;
கிலுகிலுப்பை வாங்கவில்லை.
எனக்கு அடிவயிறு சில்லிட்டது.
பிறகு, என்ன செய்ய,
இன்னொரு முறை ஆட்டிக் காட்டினேன்.

இன்று அவளுக்கு நாற்பத்தோரு நாள்.
டின்னில் ஐம்பத்தெட்டு.
நிரம்பினால் ஜிஎச்சில் ஒப்படைத்துவிட்டு
வேறொரு டின் தேட வேண்டும்.

சமையலறையில் கரண்டிச் சத்தம்.
மைலோவே பிடிக்காத குணாளன்
ஒரு வாரமாக
வேலைக்குப் போகும் முன் ஒன்று,
வந்த பின் ஒன்று,
கெட்டியாய்க் கலக்கி
மூக்கைப் பிடித்துக் குடித்துக்கொண்டிருக்கிறார்.